மாதக் கடைசி வட்டிக் கணக்கும் 300ஆவது விநாடியும்: சர்வர் அமைப்புகளை நீங்கள் எப்படி மாற்றுகிறீர்கள்?

#1 பார்வதிபுரம் பாலம்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு மார்த்தாண்டம் பக்கத்து நிதி நிறுவனம் ஒன்றின் சர்வர்களைக் கவனித்துவருகிறேன். ஜாவா செயலிகளை ஓட்டுகிற ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் 8.5.5, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கிற நெட்வொர்க் டிப்ளாய்மெண்ட் பதிப்பு. இரண்டு நோடு (சர்வர்களின் தொகுதி), நோடுக்கு மூன்று சர்வர், ஆக ஆறு. மாதக் கடைசி இரவில் நகைக்கடன் வட்டிக் கணக்கு கிளைவாரியாகப் பிரிந்து ஆறிலும் ஓடும். கணக்குகள் பெருகியதும் அது பாதியில் நிற்கத் தொடங்கியது. பதிவுக் கோப்பில், பரிவர்த்தனை (முழுதாக முடியும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) 120 விநாடிக்குப் பின் காலாவதியாகிவிட்டது என்ற எச்சரிக்கை. அதன் எண் டபிள்யூடிஆர்என்0006டபிள்யூ.

நிர்வாகக் கன்சோலில் ட்ரான்சாக்‌ஷன் சர்வீஸ் பக்கத்தைத் திறந்து, மொத்த ஆயுள் வரம்பை 120இலிருந்து 900 ஆக்கினேன். ஒரு சர்வருக்கு ஏழெட்டுச் சொடுக்கு. முடிப்பதற்குள் மேசையில் இருந்த கட்டன் சாயா ஆறிப்போனது. அடுத்த மாதக் கடைசியில் இரவு ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஒரு சர்வரில் பழையபடி 120இல் நிற்கிறது. அதைத் தவறவிட்டிருக்கிறேன், என் குற்றம்தான். மற்ற ஐந்தும் 300ஆவது விநாடியில் நிற்கின்றன. 900 என்று அடித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இந்த 300 எங்கிருந்து வந்தது?

இன்னொரு கேள்வி. இப்படி ஆறு முறை சொடுக்காமல், பெயர்=மதிப்பு என்று வரிகள் கொண்ட ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு வழியாகவோ ஸ்கிரிப்ட் வழியாகவோ இதைச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

#2 குளச்சல் 1741

ஆறு தடவை சொடுக்கினால் ஒரு தடவை மறக்கத்தான் செய்யும். வெப்ஸ்பியரின் கட்டளைக் கருவியான டபிள்யூஎஸ்அட்மினைத் திறங்கள். ஜைத்தானில் (ஜாவாவின் மேல் ஓடும் பைத்தான்) பத்து வரி போதும். சர்வர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ட்ரான்சாக்‌ஷன் சர்வீஸைத் தேடிப்பிடித்து, அட்மின்கான்ஃபிக் மாடிஃபை கட்டளையால் மதிப்பை மாற்றி, கடைசியில் சேவ். மொழி ஜைத்தான் என்பதை மட்டும் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஜாக்கிள் என்ற வேறு மொழி என்று எடுத்துக்கொண்டு முதல் வரியிலேயே முரண்டுபிடிக்கும்.

#3 தோவாளைப் பூ

தம்பி, முதலில் அந்த 300. நீங்கள் மாற்றிய பக்கத்திலேயே இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒன்று மொத்தப் பரிவர்த்தனை ஆயுள். தொடக்க மதிப்பு 120. செயலி தன் பங்குக்கு எந்த நேரமும் கேட்காதபோது இது பொருந்தும். இன்னும் கீழே அதிகபட்சப் பரிவர்த்தனைக் காலவரம்பு என்று ஒன்று. தொடக்க மதிப்பு 300. அது வீட்டுக்குக் கூரை மாதிரி. செயலியே கேட்ட நேரமானாலும் சரி, நீங்கள் எழுதிய 900 ஆனாலும் சரி, கூரையை முட்டி நின்றுவிடும். இரண்டாவது எண் எப்போதும் முதலாவதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். கன்சோலில் அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வேறு பெட்டி இருப்பதால் கண் தாண்டிப்போய்விடுகிறது. நானும் ஒருமுறை இதே பள்ளத்தில் விழுந்தவள்தான்.

குளச்சல் அண்ணனின் பத்து வரியில் ஒரு திருத்தம். சர்வர்களை வெறுமனே பட்டியலிட்டால் நோடைக் கவனிக்கிற நோடு ஏஜெண்டும், எல்லாவற்றையும் நிர்வகிக்கிற டிப்ளாய்மெண்ட் மேனேஜரும்கூட சர்வர் என்று வந்து நிற்கும். அட்மின்டாஸ்க்கின் லிஸ்ட்சர்வர்ஸ் கட்டளைக்கு, வகை அப்ளிகேஷன் சர்வர் என்று கொடுத்து வடிகட்டுங்கள்.

ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு வழி பற்றி இரவு எழுதுகிறேன். இப்போது வடசேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

#4 பேச்சிப்பாறை

மக்களே, 120 போதவில்லை என்றதும் 900 ஆக்கிவிட்டாய். 900 போதாமல் போகிற நாளும் வரும். அப்போது என்ன, 3600 ஆக்குவாயா? ஒரே பரிவர்த்தனைக்குள் ஒரு கிளையின் எல்லாக் கணக்கையும் அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் நோய். அத்தனை நேரமும் தரவுத்தளத்தில் வரிசைகள் பூட்டிக் கிடக்கும். கடைசி நிமிடத்தில் ஒன்று தவறினால் மொத்தமும் ரத்தாகிப் பழைய நிலைக்கு உருளும். ஐந்நூறு கணக்குக்கு ஒருமுறை கமிட் செய்தால் (அதுவரை செய்ததை உறுதியாக்கினால்) 120 விநாடியே தாராளம். அணை நிறைகிறது என்று கரையை உயர்த்திக்கொண்டே போகக் கூடாது, மதகைத் திறக்க வேண்டும்.

#5 பார்வதிபுரம் பாலம்

அக்கா, கோடி நன்றி. பார்த்துவிட்டேன், கூரை 300தான்.

பேச்சிப்பாறை அண்ணாச்சி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நிரல் எங்கள் கையில் இல்லை. எழுதிக் கொடுத்தவர்கள் "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்கிறார்கள். இதை நான் மூன்று பதிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை கரையை உயர்த்தத்தான் வேண்டும்.

இன்று எக்ஸ்ட்ராக்ட் கான்ஃபிக் ப்ராப்பர்ட்டீஸ் கட்டளையை ஒரு சர்வருக்குக் கொடுத்துப் பார்த்தேன். வந்த கோப்பை உருட்டிக்கொண்டே இருக்கிறேன், முடிவதாக இல்லை. த்ரெட் பூல், ஓஆர்பி, கேஷ், டிரேஸ், செஷன், இன்னும் நான் பெயரே கேள்விப்படாத சேவைகள். இதில் இரண்டு எண்ணை மட்டும் மாற்றி அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

#6 தோவாளைப் பூ

கூடவே கூடாது. அதைத்தான் முதலில் சொல்ல வந்தேன்.

இந்த வசதி வெப்ஸ்பியர் 7இல் வந்தது. சர்வரின் அமைப்பு உண்மையில் எக்ஸ்எம்எல் கோப்புகளில் கிடக்கிறது; அதை மனிதன் வாசிக்கிற வடிவத்தில் வெளியே எடுத்து, திருத்தி, உள்ளே அனுப்ப இது ஒரு வாசல். நான்கு கட்டளைகள் முக்கியம்: எடுக்க எக்ஸ்ட்ராக்ட், சரிபார்க்க வேலிடேட், போட அப்ளை, நீக்க டிலீட். முழுக் கோப்பையும் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அது சேமித்து வைத்துப் படிப்பதற்கான கோப்பு. திரும்ப உள்ளே அனுப்புவதற்கு அதிலிருந்து தேவையான துண்டை மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். ஏன் என்றால், இன்று எடுத்த முழுக் கோப்பை அடுத்த வாரம் திருப்பிப் போட்டால், இடையில் வேறொருவர் த்ரெட் பூலில் மாற்றியதும் சத்தமில்லாமல் பழைய எண்ணுக்குப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது இரண்டு வரி. மீதி ஆயிரம் வரிக்கு நீங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

கோப்பைக் கவனித்தால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலை இருக்கும். ரிசோர்ஸ் டைப் என்ற வரி இது எந்தச் சேவை என்று சொல்லும். ரிசோர்ஸ் ஐடி என்ற வரி அது எந்த செல்லில் (நோடுகளின் தொகுப்பு), எந்த நோடில், எந்த சர்வரில் இருக்கிறது என்ற முகவரி. அதன் கீழே பெயர்=மதிப்பு என்று வரிகள். மதிப்புக்குப் பக்கத்திலேயே # போட்டு, இது முழு எண், இதன் தொடக்க மதிப்பு இவ்வளவு, இதை மாற்ற முடியாது என்றெல்லாம் குறிப்பு இருக்கும். என் பார்வையில் இந்தக் குறிப்புகள்தான் இதன் பெரிய லாபம். கன்சோலில் இருக்கிற எண் தெரியும். அது தொழிற்சாலையில் இருந்து வந்த எண்ணா, யாரோ மாற்றியதா என்று தெரியாது. இங்கே இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன.

முகவரியில் செல், நோடு, சர்வர் பெயர்கள் நேரடியாக இராது. ஆச்சரியக்குறியும் வளைந்த அடைப்பும் போட்ட மாறிகளாக இருக்கும். கோப்பின் கடைசியில் என்விரான்மெண்ட் வேரியபிள்ஸ் பகுதி வரும். அந்த மாறிகளுக்கு மதிப்பு கொடுக்கிற இடம் அதுதான். சோதனை சர்வருக்கும் உண்மையான சர்வருக்கும் ஒரே கோப்பு, கடைசி மூன்று வரி மட்டும் வேறு. அதைக்கூடக் கையால் மாற்ற வேண்டாம், அப்ளை கட்டளைக்கு மாறிகளைத் தனியாகக் கொடுக்கலாம்.

ஆகவே ட்ரான்சாக்‌ஷன் சர்வீஸ் பகுதியை மட்டும் வெட்டுங்கள். தலை இருக்கட்டும். வரிகளில் இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். கடைசிப் பகுதியைச் சேருங்கள். இருபது வரிகூட வராது. முதலில் வேலிடேட். பிறகு அப்ளை, அறிக்கைக் கோப்பின் பெயரோடு. அறிக்கையில் பிழைகளும் மாற்றங்களும் மட்டும் வந்தால் போதும் என்று கேட்டுக்கொள்ளலாம். அதை வாசித்துவிட்டுத்தான் சேவ். சேவ் இல்லாமல் ஸ்கிரிப்ட் முடிந்தால் மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை என்று டபிள்யூஏஎஸ்எக்ஸ்7309டபிள்யூ என்ற எச்சரிக்கை வரும். முதல்முறை பலரும் அதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சேவ் ஆவது டிப்ளாய்மெண்ட் மேனேஜரிடம் உள்ள மூலப்பிரதியில். நோடுகளுக்குப் போய்ச்சேர சிங்க் (பிரதிகளை ஒத்திசைத்தல்) வேண்டும். சிங்க் ஆன பிறகு சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். வரிசை மாறினால் பழைய எண்ணோடு எழுந்து நிற்கும், நீங்கள் மறுபடியும் இங்கே வந்து கேட்பீர்கள்.

#7 முப்பந்தல் காற்று

ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கணக்கு பார்க்கிற அலுவலகத்தில் இருக்கிறேன். எங்களுடையது விண்டோஸ். அக்கா சொல்லாத ஒன்றை நான் பட்டறிந்து சொல்கிறேன்: பின்சாய்வுக்கோடு. ஜைத்தான் வரிக்குள் சி டிரைவில் டெம்ப் என்ற கோப்புறையின் பாதையை அப்படியே எழுதினேன். பின்சாய்வும் டி எழுத்தும் சேர்ந்தால் ஜைத்தானுக்கு அது டேப். கோப்பு இல்லை என்று சொன்னது; கோப்பு என் கண்ணெதிரே இருந்தது. காற்று சீசன் உச்சத்தில் ஒரு முழு மாலை போனது. இப்போது எல்லாப் பாதைக்கும் முன்சாய்வுக்கோடுதான், விண்டோஸிலும் ஒழுங்காக வேலை செய்கிறது.

ஜாவா செயலிகளின் சொந்த ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளிலும் இதே வில்லங்கம். அங்கே ஒற்றைப் பின்சாய்வை ஜாவா விழுங்கிவிடும், இரட்டையாக எழுத வேண்டும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. மதிப்புக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தை ஜாவா வெட்டிவிடும், பின்னால் உள்ளதை வெட்டாது. தரவுத்தளப் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்ததால் இணைப்பு கிடைக்காமல் தவித்திருக்கிறேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பின்னால் வந்தது ஜெயிக்கும், எச்சரிக்கை கிடையாது.

#8 குளச்சல் 1741

எல்லாம் சரி. ஆனால் என் பத்து வரி ஸ்கிரிப்டில் இல்லாத எது இந்தக் கோப்பில் இருக்கிறது? நான் ஸ்கிரிப்டிலேயே நிபந்தனை வைப்பேன்: ஏற்கெனவே 900க்கு மேல் இருந்தால் தொடாதே. கோப்பால் அது முடியுமா? வெட்டு, ஒட்டு, மாறி, அறிக்கை, இத்தனை சடங்கு எதற்கு?

#9 தோவாளைப் பூ

நிபந்தனை கோப்பில் வராதுதான். ஆனால் ஆறு மாதம் கழித்து உங்கள் ஸ்கிரிப்டைப் பார்க்கிற பையனுக்கு, சர்வரில் என்ன எண் இருக்க வேண்டும் என்று தெரிய முழு நிரலையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோப்பைத் தணிக்கைக்கு வருகிறவர்கூட வாசிப்பார். நான் இரண்டையும் கலப்பேன். எண்கள் கோப்பில், சுற்றி வருவது ஸ்கிரிப்டில். சர்வர்களை வடிகட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நோடு பெயரும் சர்வர் பெயரும் மாறிகளாகக் கொடுத்து, அதே சின்னக் கோப்பை அப்ளை செய்கிற ஒரு சுற்று. எங்காவது பிழை வந்தால் அட்மின்கான்ஃபிக் ரீசெட், எல்லாம் பழையபடி. ஆறும் கடந்த பிறகு ஒரே ஒரு சேவ். ஐந்து சர்வர் மாறி ஒன்று மாறாத நிலை வரவே வராது.

#10 பேச்சிப்பாறை

நான் கன்சோல் ஆள் என்றுதான் இங்கே பெயர். இருந்தாலும் இந்தக் கோப்புக்கு நான் கடன்பட்டவன். கதை சொல்கிறேன்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். நம் மாவட்டத்தில் அந்த வாரத்தை மறந்தவர் இருக்க மாட்டார். ரப்பரும் வாழையும் படுத்துக் கிடந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்திருந்தன. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் யுபிஎஸ் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்தது. நாள் கணக்கில் இருட்டு. மின்சாரம் வந்து சர்வரைப் போட்டால் வட்டு எழவில்லை. தரவு வெளியூரில் பத்திரமாக இருந்தது. அமைப்புகள்? யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆறு வருடத்தில் ஐந்து பேர் கன்சோலில் மாற்றியவை. வெப் கண்டெய்னரின் த்ரெட் எண்ணிக்கை எழுபதா, நூறா? எதற்காக யார் கூட்டினார்கள்? ஒருவரும் ஊரில் இல்லை.

எங்களோடு வேலை பார்த்து நின்றுபோன ஒரு பெண் எப்போதோ பழகிப் பார்ப்பதற்காக எக்ஸ்ட்ராக்ட் செய்த கோப்பு ஒரு பென் டிரைவில் கிடந்தது. ஒரு வருடப் பழசு. அதை வைத்துத்தான் புதிய இயந்திரத்தில் முக்கால்வாசி எழுப்பினோம். மீதிக் கால்வாசியை வாடிக்கையாளர்கள் ஏசி ஏசித்தான் கண்டுபிடித்தோம்.

பேக்கப் கான்ஃபிக் கட்டளை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதையும் போடுங்கள். மொத்தத்தையும் கட்டிப் பொதியாகத் தரும். ஆனால் அது சொல்லாமல் கொள்ளாமல் அந்த நோடின் சர்வர்களை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நிறுத்தாதே என்று சொல்ல நோஸ்டாப் என்று சேர்க்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு அதைச் சேர்க்காமல் ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

#11 முப்பந்தல் காற்று

அண்ணாச்சி, கடைசி வரிக்கு ஒரு ரசவடை என் கணக்கில்.

#12 குளச்சல் 1741

பென் டிரைவ் கதைக்குப் பிறகு வாதாட ஒன்றும் இல்லை. எண்கள் கோப்பில், சுற்று ஸ்கிரிப்டில். ஏற்றுக்கொள்கிறேன். என் நிபந்தனையை மட்டும் விடமாட்டேன், அது சுற்றுக்குள் இருக்கும்.

டிலீட் கட்டளை பற்றி யாரும் எச்சரிக்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பெயரைப் பார்த்து, கோப்பில் உள்ளதை அழிக்கும் என்று நினைக்காதீர்கள். கோப்பில் எழுதியிருக்கிற ஒவ்வொரு பண்பையும் சர்வரில் தேடிப் போய், தொடக்க மதிப்பு உள்ளதென்றால் அந்த மதிப்புக்குத் திருப்பும். தம்பியின் 900 மறுபடியும் 120 ஆகும். தலையில் டிலீட்=ட்ரூ என்று வைத்திருந்தால் அந்தப் பொருளையே தூக்கிவிடும். அறியாத கைக்கு அந்தக் கட்டளையைக் காட்டாமல் இருப்பது உத்தமம்.

#13 திற்பரப்பு

குழித்துறையில் ரயிலேறித் தினமும் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போகிறவன். ரயிலில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் வெப்ஸ்பியரின் இலகு வடிவமான லிபர்ட்டிக்கு மாறி நான்கு வருடம். அங்கே இந்த எடுத்தல், போடுதல் எதுவும் இல்லை. சர்வர்.எக்ஸ்எம்எல் ஒன்றுதான் உண்மை. சேவைக்கு வேண்டிய வரியை மட்டும் எழுதுகிறோம், எழுதாதது தொடக்க மதிப்பில் இருக்கும். இடத்துக்கு இடம் மாறுகிற மதிப்புகளை பூட்ஸ்ட்ராப்.ப்ராப்பர்ட்டீஸில் வைத்து, டாலர் குறி போட்ட மாறியாக அழைக்கிறோம். கோப்பைச் சேமித்ததும் பெரும்பாலான மாற்றங்களை சர்வரே கவனித்து எடுத்துக்கொள்ளும். பாலம் தம்பி, உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப்பாருங்கள்.

#14 பார்வதிபுரம் பாலம்

கேட்டேன். "இந்த நிதியாண்டில் வேண்டாம்" என்றார்கள். நிரல் எழுதியவர்களும் இவர்களும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள் போல.

சின்னக் கோப்பைக் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் களஞ்சியம்) போடலாமா? கடவுச்சொல் ஏதாவது கசியுமா?

#15 தோவாளைப் பூ

ட்ரான்சாக்‌ஷன் சர்வீஸ் துண்டில் கடவுச்சொல் ஏதும் இல்லை, தாராளமாகப் போடுங்கள். முழு எக்ஸ்ட்ராக்ட் கோப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வெப்ஸ்பியர் கோப்புகளில் எக்ஸ்ஓஆர் என்ற அடையாளத்தோடு ஒரு கலைந்த எழுத்துக் குவியல் தெரிந்தால் அது கடவுச்சொல். அதைக் குறியாக்கம் என்று நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வாசலில் தொங்குகிற திரைச்சீலை அளவுக்குத்தான் அதில் காவல், எவரும் விலக்கிப் பார்க்கலாம்.

#16 பார்வதிபுரம் பாலம்

நேற்று மாதக் கடைசி. முடிவைச் சொல்ல வந்தேன்.

மொத்த ஆயுள் 900, கூரை 1200. சோதனை சர்வரில் வேலிடேட் செய்தபோது ஒரு வரியைப் பிழை என்று அறிக்கையில் தள்ளிவிட்டது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. கூரையின் உட்பெயர் கன்சோலில் காட்டுகிற பெயர் இல்லை. கோப்பில் அது ப்ராப்பகேட்டட் ஆர் பிஎம்டி ட்ரான் லைஃப்டைம் டைம்அவுட் என்று நீளமாக வருகிறது. அதில் ப்ராப்பகேட்டட் என்ற சொல்லில் ஏ எழுத்து வர வேண்டிய இடத்தில் ஓ எழுத்து இருக்கிறது. கோப்பை வெட்டும்போது ஏதோ கைப்பிழை என்று நினைத்து நான்தான் அதைத் திருத்தியிருக்கிறேன். பள்ளியில் ஆங்கிலத்தில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்.

#17 தோவாளைப் பூ

அது கருவிலேயே வந்த பிழை தம்பி. எத்தனையோ பேருடைய ஸ்கிரிப்டில் அந்தப் பெயர் ஏறிவிட்டது, இனி அதை மாற்றினால் அத்தனையும் உடையும். எக்ஸ்எம்எல்லில் பாருங்கள், அங்கும் ஓ எழுத்துதான்.

#18 பேச்சிப்பாறை

வட்டி ஓடியதா இல்லையா, அதைச் சொல் மக்களே.

#19 பார்வதிபுரம் பாலம்

ஓடியது அண்ணாச்சி. ஆறு சர்வரிலும். அதிக நேரம் எடுத்த கிளை 412 விநாடி. இரவு யாரும் கூப்பிடவில்லை. பழக்கதோஷத்தில் ஒன்றரைக்கு நானே விழித்துக்கொண்டு பார்த்தேன்.

அந்த ஓ எழுத்து வரிக்கு மேலே # போட்டு, "எழுத்துப் பிழை போலத் தெரியும், தொடாதே" என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அது ஏதாவது தொல்லை தருமா?

#20 முப்பந்தல் காற்று

குறிப்பு வரியில் இருக்கும்வரை தராது. ஆனால் ஜாவா செயலிகளின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் மதிப்பாக எழுதிவிடாதீர்கள். அங்கே லத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்துமுறையாக வாசித்து நம் எழுத்தையெல்லாம் கூளமாக்கிவிடும், யூனிகோடு எண்களாகத்தான் கொடுக்க வேண்டும்.